வக்கீலுக்குக் காசு இல்லையா? வஞ்சியூருக்குப் போங்கள்



ரோட்டில் எப்படி நடக்க வேண்டும், எந்தப் பக்கம் பார்த்துக் கடக்க வேண்டும் என்று சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். போலீஸ்காரர்கள் சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். நான் இன்று அதைப் பேச வரவில்லை. விபத்து நடந்து முடிந்துவிட்டது. கார் இடித்துவிட்டது. சம்பாதிக்கிற ஆள் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். இனி என்ன செய்வது? யாரிடம் போவது? அதைத்தான் பேசப் போகிறேன்.

ஒரு குடும்பத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறவர். வயது 34. நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்தவர். கரமனையில் வாடகை வீடு. மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான அம்மா. மாதம் 12,000 ரூபாய் வருகிறது. சம்பளச் சீட்டு எதுவும் கிடையாது. அன்றன்றைக்குக் கூலி. ஒரு நாள் காலையில் கிள்ளிப்பாலம் அருகே ரோட்டைக் கடக்கும்போது ஒரு கார் இடித்துவிட்டது.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒருவர் வருவார். பழம் வாங்கிக்கொண்டு வருவார். நல்ல தமிழில் பேசுவார். "அக்கா, நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. கேஸை நாங்க பாத்துக்கிடுறோம். இப்போ கைச்செலவுக்கு இதை வச்சுக்கிடுங்க. இந்தப் பேப்பர்ல மட்டும் ஒரு கையெழுத்துப் போடுங்க" என்பார். அழுது வீங்கிய கண்ணோடு இருக்கிற அந்தப் பெண் எதைப் பார்ப்பாள்? கையெழுத்துப் போட்டுவிடுவாள். கையெழுத்துத் தெரியாதவள் கைநாட்டு வைப்பாள்.

அது என்ன பேப்பர்? பெரும்பாலும் அது வக்காலத்து. வக்காலத்து என்றால், "என் வழக்கை இந்த வக்கீல் நடத்தலாம்" என்று நாம் கொடுக்கும் அதிகாரம். சில நேரம் கூடவே எழுதாத வெள்ளைத் தாளும் இருக்கும். முத்திரைத் தாளும் இருக்கும். சில நேரம் வருகிறவர் கார்க்காரரின் ஆளாகவே இருப்பார். அப்போது அந்தத் தாளில், "பணம் வாங்கிக்கொண்டோம், இனி எங்களுக்கு வழக்கு இல்லை" என்று எழுதியிருக்கும்.

ஆகவே முதல் பேச்சு இதுதான். ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம். ஆபரேஷனுக்கு டாக்டர் கேட்கிற சம்மதச் சீட்டு வேறு. அதைப் படித்துப் பார்த்துப் போடுங்கள். வழக்கு சம்பந்தப்பட்ட தாள் எதுவானாலும், "வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டுச் சொல்கிறோம்" என்று சொல்லுங்கள். நல்ல வக்கீல் இதற்குக் கோபப்பட மாட்டார். கோபப்படுகிறவரைப் பற்றி நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். "ஜெயித்தால் வருகிற பணத்தில் இத்தனை பங்கு எனக்கு" என்று வக்கீல் பேரம் பேசக் கூடாது. வழக்கறிஞர்களுக்கான பார் கவுன்சில் விதியே அதைத் தடுக்கிறது. பாதி உனக்கு, பாதி எனக்கு என்று யாராவது சொன்னால் அது சட்டத்துக்கு விரோதமான பேச்சு.

சரி, பணம் இல்லாதவர் வக்கீலுக்கு எங்கே போவார்? அதற்கு முன்னால் சிகிச்சையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். உயிர்தானே முதலில்.

விபத்தில் அடிபட்டவரை எந்த ஆஸ்பத்திரியும் திருப்பி அனுப்பக் கூடாது. அரசு ஆஸ்பத்திரி ஆனாலும் சரி, தனியார் ஆஸ்பத்திரி ஆனாலும் சரி. "போலீஸ் வரட்டும், பிறகு பார்க்கலாம்" என்று டாக்டர் சொல்லக் கூடாது. 1989-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஸ்கூட்டரில் போனவர் கார் மோதி விழுந்தார். கொண்டுபோன ஆஸ்பத்திரியில், போலீஸ் கேஸை இங்கே பார்க்க மாட்டோம் என்று வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். போகிற வழியில் உயிர் போய்விட்டது. இந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்த ஒருவர் போட்ட வழக்கில் வந்த தீர்ப்பு அது.

அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு வருகிற வழிப்போக்கரையும் யாரும் தொந்தரவு செய்யக் கூடாது. பெயரைச் சொல் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது இதையும் சேர்த்தார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம்மில் பலர் "நமக்கு எதற்கு வம்பு?" என்று ஒதுங்கிவிடுகிறோம். வம்பு இல்லை. 112-க்குப் போன் செய்யுங்கள். தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

2025 மே மாதத்திலிருந்து மத்திய அரசின் ஒரு திட்டம் இருக்கிறது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு, திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில், ஒன்றரை லட்சம் ரூபாய் வரை பணம் கட்டாமல் சிகிச்சை கிடைக்கும். விபத்து நடந்த நாளிலிருந்து ஏழு நாள் வரைக்கும். இது சும்மா வந்துவிடவில்லை. கோயம்புத்தூரில் எலும்பு முறிவு மருத்துவர் டாக்டர் எஸ். ராஜசேகரன் என்பவர் 2012-ல் சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்குப் போட்டார். அந்த வழக்கில் பல உத்தரவுகள் வந்தன. இப்படி ஒரு திட்டத்தைச் சீக்கிரம் கொண்டு வாருங்கள் என்று 2025 ஜனவரியில் கோர்ட்டு சொன்னதும் அந்த வழக்கில்தான். அட்மிஷன் போடும் இடத்தில் இந்தத் திட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். கேட்காதவருக்குச் சொல்ல அங்கே யாருக்கும் நேரம் இருக்காது.

இப்போது வக்கீல் விஷயத்துக்கு வருவோம்.

திருவனந்தபுரத்தில் வஞ்சியூர் கோர்ட்டு எல்லோருக்கும் தெரியும். அங்கே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது. போர்டில் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கும். மலையாளத்தில் 'நியமம்' என்றால் சட்டம். 'நியம சஹாயம்' என்றால் சட்ட உதவி. அந்தச் சொல்லைக் கேட்டுப் போனால் யாரும் வழி காட்டுவார்கள். நெய்யாற்றின்கரை, நெடுமங்காடு போன்ற தாலுகாக்களில் தாலுகா குழு இருக்கிறது. பாலராமபுரத்துக்காரர் வஞ்சியூர் வரை வர வேண்டியதில்லை. நெய்யாற்றின்கரையிலேயே கேட்கலாம். போனில் கேட்க வேண்டுமானால் 15100 என்ற எண். இந்தியா முழுவதும் ஒரே எண். காசு கிடையாது.

இந்த ஆணைக்குழுவின் வேலை, வக்கீல் வைக்க வசதி இல்லாதவருக்கு அரசு செலவில் வக்கீல் வைத்துக் கொடுப்பது. வக்கீல் கூலியை அரசு கொடுக்கும். கோர்ட்டுக் கட்டணம், நகல் எடுக்கும் செலவு எல்லாம் அதில் அடங்கும். உங்களிடம் அந்த வக்கீல் பத்து ரூபாய்கூடக் கேட்கக் கூடாது. கேட்டால் அதே அலுவலகத்தின் செயலாளரிடம் புகார் கொடுக்கலாம். செயலாளர் ஒரு நீதித்துறை அதிகாரி. ஆணைக்குழுவுக்குத் தலைவர் மாவட்ட நீதிபதி.

இது பிச்சை இல்லை. அரசியல் சட்டத்தில் 39-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பணம் இல்லை என்பதற்காக யாருக்கும் நீதி கிடைக்காமல் போகக் கூடாது என்கிறது அது. 1976-ல் சேர்த்த பிரிவு. அதற்கும் முன்பே இதைப் பற்றி அரசுக்கு அறிக்கை எழுதிக் கொடுத்தவர் நம் பக்கத்து மனிதர். பாலக்காட்டில் பிறந்தவர். வி.ஆர். கிருஷ்ணய்யர். 1957-ல் கேரளத்தின் முதல் மந்திரிசபையில் சட்ட மந்திரியாக இருந்தார். பிறகு உச்ச நீதிமன்ற நீதிபதி ஆனார். 1972-ல் மத்திய அரசு அமைத்த சட்ட உதவிக் குழுவுக்கு அவர்தான் தலைவர். 1973-ல் அறிக்கை கொடுத்தார். அப்போது தொடங்கிய பேச்சு சட்டமாகி, 1987-ல் நிறைவேறி, 1995 நவம்பர் 9-ல்தான் நடைமுறைக்கு வந்தது. ஏழைக்கு ஒரு சட்டம் வர இருபத்திரண்டு வருஷம்! வந்தபிறகும் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. எனக்கு இதில் வருத்தம் உண்டு.

யாருக்குக் கிடைக்கும்? பெண்கள் எல்லோருக்கும் கிடைக்கும். வருமானம் எவ்வளவு என்று கேட்கவே மாட்டார்கள். பிள்ளைகளுக்குக் கிடைக்கும். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்குக் கிடைக்கும். ஊனமுற்றவருக்குக் கிடைக்கும். தொழிற்சாலைத் தொழிலாளிக்குக் கிடைக்கும். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. அதை மாநில அரசு தீர்மானிக்கிறது. வருமானம் இவ்வளவுதான் என்று நாமே சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தால் போதும். சந்தேகப்பட அவர்களிடம் காரணம் இருந்தால்தான் மேலே விசாரிப்பார்கள்.

நம் மூட்டைத் தொழிலாளியின் குடும்பத்தைப் பாருங்கள். அவர் இறந்துவிட்டால் நஷ்டஈடு கேட்பது யார்? மனைவி, அம்மா, பிள்ளைகள். மனைவியும் அம்மாவும் பெண்கள். பிள்ளைகள் சிறுவர்கள். எல்லோருக்கும் இலவச வக்கீல் உரிமை உண்டு. அவர் பிழைத்து, கால் போய்விட்டால் அவருக்கும் உரிமை உண்டு. இது தெரிந்தால், பழம் கொண்டுவந்தவருக்குக் கையெழுத்து ஏன் போட வேண்டும்?

மனு எழுதத் தெரியாதே என்று சிலர் நினைக்கலாம். மனு எழுதித்தான் கொடுக்க வேண்டும் என்று இல்லை. வாயால் சொன்னாலும் போதும். அங்கே இருப்பவர்கள் எழுதிக்கொண்டு, படித்துக் காட்டி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொள்வார்கள். 'பாரா லீகல் வாலண்டியர்' என்று தொண்டர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வக்கீல்கள் இல்லை. நம்மைப் போன்ற சாதாரண ஆட்கள். பயிற்சி பெற்றவர்கள். நம் மனுவை எழுத உதவுவார்கள். மலையாளம் வராதே என்று தயங்குகிறவர்கள், மலையாளம் படிக்கிற மகளையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையையோ கூட்டிக்கொண்டு போகலாம். எழுதிய தாளை அந்தப் பிள்ளையை விட்டு ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

விபத்து நடந்தால் இரண்டு வழக்கு உண்டு. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று போலீஸ் கேஸ். கார் ஓட்டியவர்மேல் அரசு நடத்துகிறது. அதற்கு நாம் வக்கீல் வைக்க வேண்டாம். அரசு வக்கீல் நடத்துவார். அதில் ஓட்டியவருக்குத் தண்டனை கிடைக்கலாம். நமக்குப் பணம் கிடைக்க வழி இரண்டாவது வழக்கு. மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் நடக்கும் நஷ்டஈட்டு வழக்கு. எம்.ஏ.சி.டி. கோர்ட்டு என்பார்கள். போலீஸ் கேஸில் ஓட்டியவர் விடுதலையானாலும் இந்த வழக்கு தானாக விழுந்துவிடாது. "அவர்மேல் கேஸே நிற்கவில்லை, உனக்கு எப்படிப் பணம் கிடைக்கும்?" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பணம் கொடுப்பது யார்? எல்லா வண்டிக்கும் இன்சூரன்ஸ் கட்டாயம். வண்டி இடித்து மூன்றாவது ஆளுக்கு ஆபத்து வந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்க வேண்டும். ரோட்டில் நடந்து போன நம் ஆள் அந்த மூன்றாவது ஆள். ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை என்று கம்பெனி கை விரிக்கப் பார்க்கும். அப்போதும் முதலில் நமக்குக் கொடுத்துவிட்டு, வண்டிக்காரரிடம் வசூல் செய்துகொள்ளும்படி தீர்ப்பாயம் உத்தரவு போடலாம். இதற்கு 2004-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. இன்சூரன்ஸே இல்லை என்றால் வண்டியின் சொந்தக்காரர் கொடுக்க வேண்டும். அவரிடமிருந்து வாங்குவது கஷ்டம்தான். மறைக்காமல் சொல்கிறேன்.

2022 ஏப்ரல் 1-ஆம் தேதியிலிருந்து புதிய விதிகள் நடப்பில் இருக்கின்றன. விபத்து தெரிந்த 48 மணி நேரத்துக்குள் போலீஸ் தீர்ப்பாயத்துக்கு முதல் அறிக்கை அனுப்ப வேண்டும். 90 நாளுக்குள் முழு அறிக்கை கொடுக்க வேண்டும். அந்த அறிக்கையையே நம் மனுவாகத் தீர்ப்பாயம் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் உரிமைகள் என்ன என்றும் போலீஸ் எழுத்தில் சொல்ல வேண்டும். விதி நல்ல விதி. ஆனால் ஸ்டேஷனில் வேலை அதிகம், ஆள் குறைவு. அவர்கள் செய்வார்கள் என்று நாம் வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது. எஃப்.ஐ.ஆர். நகல் வாங்குங்கள். அதைக் காசு இல்லாமல் தர வேண்டும். கேரள போலீசின் 'துணா' இணையதளத்திலும் கிடைக்கும்.

போலீஸ் அறிக்கை வந்ததும் இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு தொகையைச் சொல்லும். இங்கேதான் கவனம் வேண்டும். சட்டத்தில் 164 என்று ஒரு பிரிவு. யார்மேல் தப்பு என்று நிரூபிக்காமலே, இறந்தவர் குடும்பத்துக்கு 5 லட்சம், பலத்த காயத்துக்கு இரண்டரை லட்சம் கிடைக்கும். வழக்கு பலவீனமாக இருப்பவருக்கு இது பெரிய உதவி. ஆனால் இதைச் சம்மதித்து வாங்கிக்கொண்டால் தீர்ப்பாயத்தில் போட்ட பெரிய மனு முடிந்துபோகும். ஆகவே, வாங்கலாமா வேண்டாமா என்று இலவச வக்கீலிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஏன் இவ்வளவு எச்சரிக்கிறேன்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்கு என்றதும் பயப்பட வேண்டாம். கூட்டல், கழித்தல், பெருக்கல்தான்.

நம் ஆளுக்கு மாதம் 12,000. வயது 34. அவர் இருந்திருந்தால் கூலி ஏறியிருக்கும். 40 வயதுக்குக் குறைந்த கூலிக்காரருக்கு 40 சதவீதம் சேர்க்கலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 12,000-த்தில் 40 சதவீதம் 4,800. சேர்த்தால் 16,800. இதில் அவர் தனக்கென்று செலவு செய்வது போக வேண்டும். அவரை நம்பி நான்கு பேர் இருக்கிறார்கள். நான்கு முதல் ஆறு பேர் வரை இருந்தால் கால் பங்கு கழிப்பார்கள். 16,800-ல் கால் பங்கு 4,200. மிச்சம் 12,600. இது ஒரு மாதத்துக்கு. பன்னிரண்டு மாதத்துக்கு 1,51,200. இதை ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். வயதுக்குத் தகுந்த எண்ணை 2009-ல் உச்ச நீதிமன்றம் பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறது. 31 முதல் 35 வயதுக்கு அந்த எண் 16. பெருக்கினால் 24,19,200 ரூபாய். இறுதிச் சடங்குச் செலவு, துணையை இழந்ததற்கான தொகை என்று இன்னும் சில சேரும். மனு கொடுத்த நாளிலிருந்து வட்டியும் கேட்கலாம்.

இருபத்து நாலு லட்சம்! ஆஸ்பத்திரி வராந்தாவில் பேசுகிற ஆள் எவ்வளவு சொல்வார்? ஒரு லட்சம், இரண்டு லட்சம். கையில் ரொக்கமாகக் காட்டுவார். பட்டினி கிடக்கிற வீட்டில் ஒரு லட்சம் மலைபோலத் தெரியும். தெரியத்தான் செய்யும். ஆனாலும் அந்தக் கணக்கை மனதில் வையுங்கள். எல்லா வழக்கிலும் இதே தொகை வரும் என்று நான் சொல்லவில்லை. நம் ஆள் மேலும் தப்பு இருந்தால், அதற்குத் தகுந்தபடி குறைப்பார்கள்.

சம்பளச் சீட்டு இல்லையே, 12,000 என்று எப்படிக் காட்டுவது? நியாயமான கேள்வி. 2014-ல் ஒரு காய்கறி வியாபாரியின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2008-ல் நடந்த விபத்தில் அவர் கால் போய்விட்டது. வருமானத்துக்கு எந்தத் தாளும் இல்லை. காய்கறி விற்கிறவரிடம் சம்பளச் சீட்டு கேட்க முடியாது என்று சொல்லி, மாதம் 6,500 ரூபாய் என்று கோர்ட்டே எடுத்துக்கொண்டது. கூடவேலை செய்கிறவர் வந்து சாட்சி சொல்லலாம். தொழிலாளர் நல நிதி அட்டை இருந்தால் அதைக் கொடுக்கலாம்.

வீட்டில் இருக்கிற பெண் விபத்தில் இறந்தால்? "அவள் சம்பாதிக்கவில்லையே" என்று இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் சொல்லக்கூடும். அது செல்லாது. சமைக்கிறாள், துவைக்கிறாள், பிள்ளை வளர்க்கிறாள், மாமியாரைப் பார்க்கிறாள். அதற்கும் விலை உண்டு என்று உச்ச நீதிமன்றம் பல தடவை சொல்லியிருக்கிறது. 2021 ஜனவரியில் வந்த ஒரு தீர்ப்பிலும் இதை அழுத்திச் சொன்னார்கள்.

பிழைத்துக்கொண்டவருக்குக் கணக்கு வேறு மாதிரி. மருந்துச் செலவு, வேலைக்குப் போகாத நாட்களின் கூலி, வலிக்கும் வேதனைக்கும் ஒரு தொகை, கூட இருந்து பார்த்தவருக்குச் செலவு. கேரளத்தில் இதை 'கூட்டிருப்பு' என்பார்கள். ஆட்டோ செலவுகூட உண்டு. ஆகவே ஒரு பிளாஸ்டிக் கவர் வாங்கி, எல்லாச் சீட்டையும் அதில் போட்டு வையுங்கள். மருந்துக்கடை பில், ஸ்கேன் பில், டிஸ்சார்ஜ் சீட்டு, காயச் சான்று எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

ஊனம் எத்தனை சதவீதம் என்று டாக்டர் எழுதுவார். அதுவே முடிவு இல்லை. 2010-ல் வந்த ஒரு தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ஓர் உதாரணம் சொன்னது. இடது கை போன ஒருவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் அவர் பிழைப்பு மொத்தமும் போய்விடுகிறது. அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தால் அவ்வளவு போவதில்லை. ஆகவே உடம்பில் எத்தனை சதவீதம் என்பதை மட்டும் பார்க்கக் கூடாது, அவர் செய்கிற தொழிலை வைத்துப் பார்க்க வேண்டும் என்றது. மூட்டை தூக்குகிறவருக்கு ஒரு முட்டி போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அதை வக்கீலிடம் விளக்கமாகச் சொல்லுங்கள். எந்த வேலை செய்தீர்கள், எத்தனை கிலோ தூக்கினீர்கள், இப்போது எது முடியவில்லை என்று சொல்லுங்கள்.

இனி கெடு. விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு கொடுக்க வேண்டும். 1994-லிருந்து 2022 வரை கெடுவே இல்லாமல் இருந்தது. அதனால் "மெதுவாகக் கொடுக்கலாம்" என்று சொல்கிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது பழைய கதை. 2022 ஏப்ரலிலிருந்து ஆறு மாதம். இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் நடக்கின்றன. கெடு தாண்டிவிட்டது என்பதற்காக மட்டும் மனுவைத் தள்ள வேண்டாம் என்று 2025 நவம்பரில் ஓர் இடைக்கால உத்தரவு வந்தது. ஆகவே ஆறு மாதம் தாண்டியவர்களும் மனம் விட்டுவிடாமல் போய்க் கேளுங்கள். தாண்டாதவர்கள் அந்த உத்தரவை நம்பிச் சும்மா இருக்காதீர்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு வஞ்சியூருக்குப் போய்விடுங்கள்.

திருவனந்தபுரத்தில் விபத்து நடந்தால் இங்கேதான் வழக்குப் போட வேண்டுமா? வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். கணவர் போன பிறகு அந்தப் பெண் பிள்ளைகளோடு நாகர்கோவிலுக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறாள் என்று வையுங்கள். நாகர்கோவில் தீர்ப்பாயத்திலேயே மனு கொடுக்கலாம். அங்கேயும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தமிழிலேயே பேசலாம். தேதிக்குத் தேதி களியக்காவிளை தாண்டி பஸ்ஸில் வர வேண்டியதில்லை. எஃப்.ஐ.ஆர்., மகஜர் எல்லாம் மலையாளத்தில் இருக்கும். மொழிபெயர்ப்புத் தேவைப்படும். அதை வக்கீலிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இடித்த கார் நிற்காமல் போய்விட்டதா? நம்பர் தெரியவில்லையா? அதற்கும் வழி உண்டு. இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய். இதற்குக் கோர்ட்டுக்குப் போக வேண்டாம். தாசில்தார் போன்ற வருவாய்த் துறை அதிகாரியிடம் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். 2022-க்கு முன்பு இது 25,000-மும் 12,500-மும்தான். ஆனால் இதைக் கேட்டு வருகிறவர்கள் மிகக் குறைவு. கோயம்புத்தூர் டாக்டரின் வழக்கில் 2024 ஜனவரியில், இப்படி ஒரு திட்டம் இருக்கிறது என்று குடும்பத்துக்குப் போலீஸே சொல்ல வேண்டும் என்று உத்தரவு வந்தது. சொல்லவில்லை என்றால் நாம் கேட்போம்.

வழக்கு இழுத்துக்கொண்டே போகும் என்று பயப்படுகிறவர்களுக்கு லோக் அதாலத் இருக்கிறது. மக்கள் நீதிமன்றம். இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஒரு தொகைக்குச் சம்மதித்தால் அன்றே முடியும். கோர்ட்டுத் தீர்ப்புக்குச் சமம். கட்டிய கோர்ட்டுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் ஒன்று. அங்கே சம்மதித்துவிட்டால் மேல்முறையீடு கிடையாது. ஆகவே கொஞ்சமுன் போட்டோமே, அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சம்மதியுங்கள். பிடிக்கவில்லை என்றால், "வேண்டாம், வழக்கு நடக்கட்டும்" என்று சொல்லலாம். யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

கடைசியாக, பணம் வந்தபிறகு என்ன ஆகும்? 1993-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. நம் ஊர் சம்பந்தப்பட்ட வழக்கு அது. கேரள அரசு பஸ் கழகம், திருவனந்தபுரம், எதிர்த்துப் போன வழக்கு. நஷ்டஈட்டைக் கணக்குப் போடும் முறையை உறுதி செய்ததோடு, வருகிற பணத்தை எப்படிக் காப்பது என்றும் அதில் சொன்னார்கள். சிறுவர்களின் பங்கை வயது வரும் வரை பாங்கில் போட வேண்டும். படிப்பறிவு இல்லாதவர்களின் பணத்தையும் அப்படியே நீண்ட கால டெபாசிட்டில் போட வேண்டும். அதன்மேல் கடன் கொடுக்கக் கூடாது. பிழைப்புக்கு ரிக்‌ஷா, விவசாயக் கருவி என்று வாங்க மொத்தமாகத் தேவைப்பட்டால் தீர்ப்பாயத்தில் கேட்டு வாங்கலாம். அரைகுறையாகப் படித்தவருக்கும் டெபாசிட்தான் வழக்கம், தக்க காரணம் இருந்தால் மொத்தமாகக் கொடுக்கலாம். படித்தவர் என்றாலும் யோசித்துச் செய்ய வேண்டும். இப்படிப் பிரித்தார்கள்.

ஏன் அப்படி? ஏமாற்றிப் பறித்துக்கொள்ளுகிறவர்கள் கோர்ட்டு வாசலிலேயே நிற்பார்கள் என்று நீதிபதிகளுக்குத் தெரியும். மைத்துனர் வருவார், கடன்காரர் வருவார். ஆனால் சில இடங்களில் இந்த விதியைக் கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் போட்டார்கள். மகள் கல்யாணத்துக்கும் தன் பணத்தை எடுக்க முடியாமல் அலைய வேண்டி வந்தது. 2012-ல் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்தது. ஆளைப் பார்த்து, தேவையைப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்றது.

அந்தப் பணத்தை டெபாசிட்டிலிருந்து எடுக்க வேண்டுமானால், தீர்ப்பாயத்தில் ஒரு மனு கொடுக்க வேண்டும். எதற்கு வேண்டும் என்று எழுத வேண்டும். பெட்டிக்கடை வைக்கவா, வீட்டுக் கடனை அடைக்கவா, பிள்ளையின் காலேஜ் கட்டணமா என்று தெளிவாக எழுதி, அதற்கான தாளையும் சேர்த்துக் கொடுங்கள். அந்த மனுவைப் போடவும் அதே இலவச வக்கீலைக் கேட்கலாம். பாங்குப் புத்தகத்தை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வட்டி மாதா மாதம் ஏறுகிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள்.

சந்தேகம் இருப்பவர்கள் இப்போது கேட்கலாம். விபத்து வழக்குத் தாள் கொண்டுவந்திருப்பவர்கள் முதலில் வாருங்கள். வாசித்துப் பார்ப்போம்.